‘அவரிஷஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லை எங்கே எழுதலாம்?

காரைக்குடியில் நான் நடத்தும் ஆங்கில வகுப்பில், கல்யாணப் பந்தியில் மூன்றாம் முறையும் கவுனி அரிசி கேட்டு வாங்கிச் சாப்பிட்ட தம்பியைப் பற்றி ஒரு மாணவர், ‘மை பிரதர் இஸ் அவரிஷஸ்’ என்று எழுதியிருந்தார். வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. தம்பியின் மீதுதான் வீண்பழி விழுந்துவிட்டது. சாப்பாட்டு ஆசைக்குக் ‘கிரீடி’ என்ற சொல்லே போதும். ‘அவரிஷஸ்’ என்பது, பணத்தையும் சொத்தையும் எவ்வளவு சேர்த்தாலும் மனம் அடங்காதவரைக் குறிக்கும் பெயரடை. இதன் பெயர்ச்சொல்லான ‘அவரிஸ்’, கிறித்தவ மரபு சொல்லும் ஏழு பெரும் பாவங்களுள் ஒன்றாக இருப்பதால், சொல்லிலேயே கண்டனம் கலந்திருக்கிறது.

எனவே, விளையாட்டாகச் சொல்லுமிடத்தில் இதைத் தவிர்த்துவிட்டு, ஒருவரின் பேராசையால் பிறர் நட்டப்படும் இடத்தில் எழுதுவதே பொருத்தம். பராமரிக்க முடியாமல் இடிக்கப்படும் வளவு வீட்டின் பர்மா தேக்குத் தூண்களை, அவற்றின் மதிப்பு நன்றாகத் தெரிந்திருந்தும், விறகு விலைக்குக் கேட்கும் வியாபாரியை ‘ஆன் அவரிஷஸ் டீலர்’ எனலாம். சொல் உயிரொலியில் தொடங்குவதால் முன்னே ‘ஆன்’ வர வேண்டும்.

செலவழிக்க மனம் வராத கருமிக்கு ‘மைசர்லி’ என்ற வேறு சொல் உண்டு. பழைய எவர்சில்வர் தூக்கைக்கூடத் தூக்கிப் போடாமல் துடைத்து அடுக்கி வைக்கும் ஆச்சி இவ்விரண்டிலும் சேரமாட்டார். அவர் ‘திரிஃப்டி’, அதாவது சிக்கனக்காரர். பிறர் பொருளின் மீது கண் வைப்பவருக்குக் ‘கவட்டஸ்’ என்பதே நேரான சொல். திருக்குறளின் 18ஆம் அதிகாரமான வெஃகாமை கடிவது இந்தக் குணத்தைத்தான். வட்டித்தொழில் செய்தவர் என்றாலே ‘அவரிஷஸ்’ என்று எழுதிவிடும் பழக்கமும் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் லேவாதேவி என்பது தொழிலின் பெயர், ‘அவரிஷஸ்’ என்பதோ மனத்தின் மீது சொல்லும் தீர்ப்பு.

எழுதும்போது ‘சி, ஐ, ஓ, யு, எஸ்’ என்று முடிந்தாலும், ‘சி’ இங்கே ‘ஷ’வாக ஒலிக்கும்; அழுத்தத்தை ‘ரி’யின் மீது வைத்து, ‘அவரிசியஸ்’ என்று நீட்டாமல் ‘அவரிஷஸ்’ என்று முடிக்க வேண்டும்.