இரண்டு நாளில் பிராக்: முதல்முறை போகும் மாணவர்களுக்கு

செக் நாட்டின் தலைநகரமான பிராக்குக்கு நான் முதல்முறை போனது, ஜெர்மனியின் டிரெஸ்டனில் படிக்க வந்த மூன்றாவது மாதம். எங்கெங்கே போக வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன். எந்தக் கிழமையில் எது திறந்திருக்கும் என்று பார்க்கவில்லை. சனிக்கிழமை பழைய யூதக் குடியிருப்புக்குப் போனால் கதவெல்லாம் பூட்டியிருந்தது. சனி யூதர்களுக்கு ஓய்வு நாள். மறுநாள் காலை கோட்டைக்கு ஏறினால், பேராலயத்தில் ஞாயிறு பூசை. சுற்றிப் பார்க்க வருகிறவர்களை நண்பகலுக்கு மேல்தான் உள்ளே விடுகிறார்கள். எனக்கோ பன்னிரண்டரைக்கு ரயில். இரண்டையும் பார்க்காமலே திரும்பினேன்.

அதற்குப் பிறகு மூன்று முறை போய்வந்தாயிற்று. இப்போது யார் கேட்டாலும் முதலில் சொல்வது இதுதான்: சனிக்கிழமை கோட்டை, ஞாயிற்றுக்கிழமை யூதப் பகுதி. மாற்றிப் போடாதீர்கள்.

படி 1: வெள்ளி மாலையே ரயில் ஏறுங்கள்

டிரெஸ்டனிலிருந்து சுமார் இரண்டரை மணி நேரம். பெர்லினிலிருந்து நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிக்கெட்டை எவ்வளவு முன்னால் எடுக்கிறீர்களோ அவ்வளவு மலிவு. போகும்போது இடது பக்க ஜன்னல் இருக்கை கிடைக்கிறதா பாருங்கள். டிரெஸ்டனைத் தாண்டியதும் எல்பே ஆறும் மணற்பாறைக் குன்றுகளும் அந்தப் பக்கம்தான் கூடவே வரும்.

பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் பெர்மிட் இரண்டும் அசலாகக் கையில் இருக்க வேண்டும். எல்லையில் சோதனை இல்லாத ஷெங்கன் நாடுகளுக்குள்தானே என்று வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், ரயிலில் போலீஸ் ஏறிக் கேட்பதுண்டு. மாணவர் அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் கட்டணச் சலுகை உண்டு. பழைய நகரம் முழுக்க கல் பாவிய தெருக்கள். சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம், முதுகுப்பையே போதும்.

படி 2: பணம்

செக் நாட்டில் யூரோ கிடையாது, கொருனாதான். பெரும்பாலும் கார்டே போதும். ஏடிஎம்மில் எடுக்க நேர்ந்தால், "யூரோவில் கணக்கிடட்டுமா?" என்று திரை கேட்கும். வேண்டாம் என்று கொடுத்து, கொருனாவிலேயே எடுங்கள். யூரோவில் எடுத்தால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரம் தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளும். நாணயம் மாற்றும் கடையில் ஏமாந்துவிட்டால் ரசீதைத் தொலைக்காதீர்கள். 1000 யூரோ வரைக்குமான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்ய 2019 முதல் சட்டம் இடம் தருகிறது.

படி 3: டிக்கெட்டில் முத்திரை

டிராம், மெட்ரோ, பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். காகித டிக்கெட் என்றால் முதல் தடவை ஏறும்போது மஞ்சள் இயந்திரத்தில் நுழைத்து நேரம் பதித்துக்கொள்ள வேண்டும். பதிக்காத டிக்கெட் கையில் இருந்தும் பயனில்லை, அபராதம்தான்.

படி 4: சனிக்கிழமை, விடியும் முன் பாலம்

சார்லஸ் பாலத்தைப் பகல் 11 மணிக்குப் பார்த்தவர்கள் பாலத்தைப் பார்க்கவில்லை, கூட்டத்தைத்தான் பார்த்தார்கள். அலாரம் வைத்து எழுந்து, பழைய நகரத்துப் பக்கக் கோபுரத்தின் கீழ் வழியாக நுழையுங்கள். நான்காம் சார்லஸ் மன்னர் 1357-இல் அடிக்கல் நாட்டிய பாலம் இது. 516 மீட்டர் நீளம், இரு பக்கமும் சேர்த்து 30 சிலைகள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் எழும். எதிரே குன்றின் மேல் இருக்கும் கோட்டையில் முதலில் வெயில் படும், கீழே வல்தாவா நதி இன்னும் இருட்டாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

வலது பக்கத்துச் சிலைகளில் ஒன்று நெபோமுக் ஜான் என்ற பாதிரியாருடையது. 1393-இல் அவரை இந்த ஆற்றில்தான் தள்ளினார்கள். பீடத்தில் உள்ள வெண்கலப் பலகையைத் தொட்டால் மறுபடி பிராக் வருவோம் என்பது நம்பிக்கை. கை பட்டுப் பட்டு அந்த இடம் மட்டும் பொன்னாக மின்னுகிறது. நானும் தொட்டேன்.

பாலத்தைத் தாண்டி, கோட்டைக்குக் கீழே உள்ள மாலா ஸ்த்ரானா பகுதி வழியாக நடந்தே கோட்டைக்கு ஏறலாம். கால் வலித்தால் 22-ஆம் எண் டிராம் இருக்கிறது. முற்றங்களைச் சுற்ற டிக்கெட் தேவையில்லை, வாசலில் சில சமயம் பையைச் சோதிக்கலாம். புனித வீட்டுஸ் பேராலயத்துக்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். 1344-இல் தொடங்கிய வேலை 1929-இல்தான் முடிந்தது. உள்ளே இடது பக்கம் செக் ஓவியர் ஆல்ஃபோன்ஸ் முகா வரைந்த வண்ணக் கண்ணாடி ஜன்னலைத் தவறவிடாதீர்கள். அப்புறம், கோட்டைக்குள்ளேயே இருக்கும் பொன் சந்து. அதில் 22-ஆம் எண் வீட்டில்தான் எழுத்தாளர் காஃப்கா 1916–17 குளிர்காலத்தில் உட்கார்ந்து எழுதினார். அவருடைய தங்கை வாடகைக்கு எடுத்திருந்த வீடு அது.

சாப்பாடு: சைவம் என்றால் ஸ்மாஷெனி சீர் கேளுங்கள், ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த சீஸ், உருளைக்கிழங்கோடு வரும். தெருவெல்லாம் விற்கும் உருளை வடிவ இனிப்பு ரொட்டியான த்ர்தெல்னீக்கைச் சாப்பிடலாம், ருசியாகத்தான் இருக்கும். ஆனால் அது பிராக்கின் பழைய பண்டம் இல்லை.

படி 5: ஞாயிற்றுக்கிழமை

9 மணிக்கு வானியல் கடிகாரத்தின் முன் நில்லுங்கள். 1410-இல் வைத்தது. எலும்புக்கூடு மணியின் கயிற்றை இழுக்கும், இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் சிலைகள் ஜன்னலில் வந்து போகும், சீக்கிரமே முடிந்துவிடும். கூட்டம் கலைந்த பிறகும் நின்று, முகப்பின் வெளிவளையத்தைப் பாருங்கள். சூரியன் மறையும் நேரத்திலிருந்து எண்ணும் பழைய போஹேமிய மணிக்கணக்கு அது. மறையும் நேரம் மாற மாற, அந்த வளையமும் ஆண்டு முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கும்.

அங்கிருந்து யூதப் பகுதி பத்து நிமிட நடை. பழைய கல்லறைத் தோட்டத்தில் சுமார் 12,000 கற்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கின்றன. புதைக்க வேறு இடம் கிடைக்காததால் மண் போட்டு மேலே மேலே புதைத்தார்கள்.

பிங்காஸ் தொழுகைக்கூடத்தில் அவசரப்படாதீர்கள். செக் நாட்டின் பகுதிகளான போஹேமியா, மொராவியாவைச் சேர்ந்த, நாஜிகள் கொன்ற ஏறக்குறைய 78,000 யூதர்களின் பெயர்கள் சுவரெங்கும் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. சிவப்பும் கறுப்புமாகச் சின்னச் சின்ன எழுத்துகள். தூரத்திலிருந்து பார்த்தால் துணியில் நெய்த கோலம் போல இருக்கும், அருகே போனால்தான் ஒவ்வொன்றும் ஒரு ஆள் என்று தெரியும். 1950களில் எழுதியவை ஈரத்தால் அழிந்துபோக, 1990களில் உட்கார்ந்து மறுபடி எழுதினார்கள்.

மாடியில், நாஜிகளின் தெரெசீன் முகாமில் அடைக்கப்பட்ட குழந்தைகள் வரைந்த படங்கள். அவர்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், 1944-இல் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்படும் முன், சுமார் 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் ஒளித்து வைத்தார். படங்களின் கீழே பெயரும் வருடமும் இருக்கும். கீழ்த்தளத்திலேயே நேரத்தைச் செலவழித்துவிட்டு மாடிக்கு ஏறாமல் போய்விடாதீர்கள்.

வெளியே வந்ததும் உடனே ரயிலுக்கு ஓட முடியாது, எனக்கு முடியவில்லை. ஆற்றங்கரை பக்கத்திலேயே இருக்கிறது, கொஞ்சம் உட்காருங்கள். அங்கிருந்து பிரதான ரயில் நிலையத்துக்கு அரை மணி நேர நடை. அதனால் திரும்பும் டிக்கெட்டை மாலை நாலு மணிக்கு மேல் போடுங்கள்.