கொழும்புக் காற்றில் ஒரு பழைய பந்தய ஹைட்ரோபிளேனைக் காப்பது எப்படி

பழைய மர ஹைட்ரோபிளேன்கள், அதாவது தண்ணீரின் மேலாகச் சறுக்கி ஓடும் பந்தயப் படகுகள், ஏரியில் உடைவதைவிடக் கொட்டகைக்குள் உளுத்துப்போவதே அதிகம். கொழும்பில் அது இன்னும் விரைவாக நடக்கும். இங்கே காற்றின் ஈரப்பதன் ஆண்டின் பெரும்பகுதி 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. அந்தக் காற்றில் கிடக்கும் மரம், ஒரு துளி மழை படாவிட்டாலும், தன் உலர்ந்த எடையில் 15, 16 சதவீத ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மரத்தை அழுகவைக்கும் பூஞ்சணத்துக்கு 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் வேண்டும். இடையில் இருப்பது 4 புள்ளி மட்டுமே. ஓர் ஒழுக்கு, அடைபட்ட ஒரு வடிகால் துளை, காற்றுப் போகவிடாத ஒரு மூடி இருந்தால் அந்த 4 புள்ளியும் போய்விடும். கீழே வரும் வேலைகள் பெரும்பாலும் அதைக் காப்பதற்கானவை.

எந்தப் படகை வாங்குவது?

மூன்று புள்ளி ஹைட்ரோபிளேன் 1930களில் நியூ ஜெர்சியின் வென்ட்னர் படகுப் பட்டறையில் உருப்பெற்றது. முன்பக்கம் இடமும் வலமுமாக இரண்டு ஸ்பான்சன் (படகோடு சேர்ந்த மிதவைப் பெட்டி), பின்பக்கம் ஒரு புள்ளி. வேகமெடுத்ததும் இந்த மூன்று மட்டும் தண்ணீரைத் தொடும். நடுவே காற்று புகுந்து படகைத் தாங்கும். 1950 ஜூன் 26 அன்று சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில் மணிக்கு 160.323 மைல் ஓடிச் சாதனை படைத்த ஸ்லோ-மோ-ஷன் 4, பின்பக்கத்தைப் பாதி மூழ்கிய புரொப்பெல்லரின் மேலேயே தாங்கி ஓடியது. அதற்குள் இருந்தது 28 லீற்றர் கொள்ளளவுள்ள அலிசன் விமான எஞ்சின். அந்த வகையைக் கொழும்பில் ஒரு வீட்டுக்காரர் வைத்துப் பராமரிப்பது நடக்காத காரியம். 10 முதல் 12 அடி நீளமுள்ள, வெளியே மாட்டும் எஞ்சின் கொண்ட பந்தய ஹைட்ரோபிளேனைத் தேடுங்கள். இரண்டு பேர் தூக்கலாம், ஒரு கார் நிற்கும் கராஜுக்குள் அடங்கும். அதற்குரிய மேர்க்குரி மார்க் 20எச் போன்ற 1950களின் எஞ்சின்களுக்கு வெளிநாட்டில் இன்னும் பாகங்கள் கிடைக்கின்றன.

இவை சில பருவங்கள் ஓடினால் போதும் என்று எடையைக் குறைத்துக் கட்டப்பட்டவை. சட்டங்கள் ஸ்ப்ரூஸ் மரம், தோல் 3 முதல் 6 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை. சிலவற்றின் மேற்தட்டு வெறும் துணிதான். விமான இறக்கைக்குப் பூசுவதுபோல டோப் பூசி இறுக்கியது. அதை உரித்துவிட்டுப் பலகை அடிப்பது பெரிய பிழை. எடையும் கூடும், படகின் வரலாறும் போகும்.

வாங்குமுன் ஒரு குத்தூசி, ஊசிமுனை ஈரமானி, இரண்டு மீற்றர் நேர்விளிம்பு, சிறிய கண்ணாடி, டோர்ச் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். முதலில் ஸ்பான்சன்களின் பின்முனை. பெட்டிபோல் மூடிய இடம் அது. நீர் புகும், காற்றுப் புகாது. நீர் வடிக்கும் துளையின் அடைப்பானைக் கழற்றி மோந்து பாருங்கள். புளித்த மணம் வந்தால் உள்ளே அழுகல் இருக்கிறது. அடுத்தது எஞ்சின் பூட்டும் பின்பலகை, அதிலும் இறுக்கிகள் அமரும் இடமும் துளைகளின் ஓரமும். பின் ஒவ்வொரு சட்டத்தின் அடியிலும் நீர் ஓடுவதற்கு விட்ட துளைகள். திருப்புளியின் பிடியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், கெட்ட மரம் மந்தமாகச் சத்தமிடும். ஈரமானி 18க்குக் கீழே காட்டினால் பயமில்லை. ஓரிடத்தில் மட்டும் 20ஐத் தாண்டினால் நீர் எங்கிருந்து வருகிறது என்று அங்கேயே தேடுங்கள்.

பசையின் நிறத்தையும் பாருங்கள். மூட்டுகளில் கரும்சிவப்புக் கோடு தெரிந்தால் அது ரெசோர்சினோல். 70 ஆண்டு கழித்தும் பெரும்பாலும் பிடித்து நிற்கும். வெளிர் பழுப்புக் கோடு யூரியா பசை. அது நீண்டகால வெப்பமும் ஈரமும் தாங்காது. குளிர்நாட்டில் உறுதியாக இருந்த யூரியா மூட்டு கொழும்பில் சில ஆண்டுகளில் விட்டுப்போகலாம். அந்தப் படகை வாங்கலாம், ஆனால் மூட்டு ஒவ்வொன்றையும் பிரித்து ஒட்டும் வேலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கப்பலில் வருவதென்றால், அடைக்கும் மரப்பெட்டியில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்க வேண்டும். பூச்சியைக் கொல்லப் பெட்டி மரத்துக்கு உரிய சிகிச்சை, பெரும்பாலும் நடுப்பகுதியை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குவது, கொடுக்கப்பட்டதற்கான அடையாளம் அது. உள்நாட்டு இறக்குமதி விதிகளைப் பணம் அனுப்புமுன்பே சுங்கத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்பான்சன் மூடிகளைத் திறந்துவைத்தே பெட்டியில் ஏற்றச் சொல்லுங்கள்.

வைக்கும் இடம்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடலோர வீடுகளின் கராஜில் உப்புக் காற்றுப் படும். அங்கே வைப்பதானால் கடற்பக்க வாசலை மூடி, எதிர்ப்பக்கத்தைத் திறந்துவையுங்கள். வசதியிருந்தால் கடலோர ரயில் பாதையிலிருந்து தள்ளி உள்ளே இடம் பார்ப்பது நல்லது.

படகைத் தறப்பாளால் இறுக்கிப் போர்ப்பது இங்கே அதிகம் நடக்கும் தவறு. பகலில் சூடேறி மரத்திலிருந்து வெளியேறும் ஈரம், இரவில் தறப்பாளின் உட்புறம் துளிகளாகி மேற்தட்டில் சொட்டும். தூசிக்குப் பருத்தித் துணி போதும். படகைத் தரையிலிருந்து 60 சென்ரிமீற்றராவது உயர்த்தி, மூடிகள் எல்லாம் திறந்து, ஒரு சிறிய மின்விசிறியை அடிப்பக்கமாகக் காற்றோடும்படி நாள் முழுக்க ஓடவிடுங்கள். குளிரூட்டிய அறையில் வைக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. வைக்கலாம், ஆனால் ஈரப்பதன் 60, 65 சதவீதத்தில் நிற்க வேண்டும், அந்த அளவுக்கு இறங்குவதும் மெதுவாக இருக்க வேண்டும். 80இலிருந்து ஒரே வாரத்தில் 45க்கு இறக்கினால் சட்டங்கள் சுருங்கி, பழைய மூட்டுகள் பிளக்கும், வார்னிஷில் மயிரிழை வெடிப்பு விழும்.

தாங்கிகள் சட்டங்களின் நேர் கீழே வர வேண்டும். இரண்டு சட்டங்களுக்கு நடுவே தாங்கினால் 4 மில்லிமீற்றர் பலகை உள்நோக்கி வளையும், அந்த வளைவு நிரந்தரமாகிவிடும். எஞ்சினைக் கழற்றித் தனித் தாங்கியில் தொங்கவிடுங்கள். தாங்கியின் கால்களைப் பழைய ஓயில் ஊற்றிய தகரத் தட்டுகளில் வைத்தால் கறையான் ஏற வழியிருக்காது. ஆனாலும் வாரம் ஒருமுறை சுவரோடு மண்கோடு தெரிகிறதா என்று பார்க்கத்தான் வேண்டும்.

வெறும் மரம் தெரியும் இடங்களுக்குப் போரேற் கரைசல் கொடுங்கள். எடையில் மூன்று பங்கு வெண்காரத்துக்கு இரண்டு பங்கு போரிக் அமிலம்; இரண்டும் சேர்ந்து 1 கிலோ என்றால் 7 லீற்றர் வெந்நீர். ஒரு நாள் இடைவெளியில் இரண்டு பூச்சு. பூஞ்சணம், கறையான், உளு மூன்றையும் அது தடுக்கும். நீரில் கரைந்து போகக்கூடியது என்பதால், மரம் நன்கு உலர்ந்ததும் மேலே படிந்த வெண்படிகங்களைத் துடைத்துவிட்டு வார்னிஷ் பூச வேண்டும்.

பழுது பார்த்தல்

ஒட்டு வேலையும் வார்னிஷும் ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதிக்குள். மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் மழை விடாது. அந்த மாதங்களை எஞ்சினுக்கும் உலோக வேலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்ட்னர் கலந்து இறுகவைக்கும் எப்பொக்சிப் பசை, 30 பாகை வெப்பத்தில் டின்னில் போட்டிருக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதிக்குள் கட்டியாகிவிடும். மெதுவாக இறுகும் ஹார்ட்னரை வாங்கி, ஒரு தடவைக்கு 100, 150 கிராமுக்கு மேல் கலக்காமல், கலந்ததும் அகலத் தட்டில் பரப்பிவிடுங்கள். குவளைக்குள் குவிந்திருந்தால் தன் சூட்டிலேயே புகையத் தொடங்கும். பூசுவதற்கு நேரம் பிற்பகல். காலையில் பூசினால் சூடேறும் மரத்துக்குள் விரியும் காற்று வெளியேறி மேலே குமிழ்களை விடும். வெப்பம் இறங்கும்போது மரம் பசையை உள்ளே இழுக்கும். இறுகிய பின் ஈரக் காற்றில் மெழுகுபோல ஒரு படலம் படியும். உப்புத்தாள் போடுமுன் தண்ணீரும் தேய்ப்பானும் கொண்டு அதைக் கழுவாவிட்டால் அடுத்த பூச்சு உரிந்து வரும்.

அழுகிய பலகையை வெட்டி எடுத்து ஒட்டும்போது சரிவு மூட்டு 1:8க்குக் குறையக்கூடாது, அடித்தட்டில் 1:12. அதாவது 4 மில்லிமீற்றர் பலகைக்கு 48 மில்லிமீற்றர் சரிவு. மொறட்டுவைத் தச்சர்களின் கை இதற்கு நன்றாக வரும். ஆனால் தளபாடத்துக்குப் பழகியவர்கள் தேக்கும் பலாவும் எடுத்து வைப்பார்கள். ஸ்ப்ரூஸ் இருந்த இடத்தில் தேக்கு வைத்தால் எடை ஒன்றரை மடங்கு. இங்கே விளையும் மகோகனியில் நேர்நரம்பும் குறைந்த எடையும் உள்ள துண்டைத் தேர்ந்தால் சிறிய ஒட்டுகளுக்குப் போதும். நீண்ட சட்டத்துக்கு ஸ்ப்ரூஸையே வரவழையுங்கள்.

பித்தளைத் திருகாணிகள் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் துத்தநாகம் கரைந்துவிட்டது என்று அர்த்தம். திருகினால் தலை மட்டும் கையோடு வரும். பற்றவைக்கும் சோல்டர் இரும்பைத் தலையில் 20 விநாடி வைத்துச் சூடாக்கி, ஆறுமுன் மெதுவாகத் திருப்புங்கள். பதிலுக்குச் சிலிக்கன் வெண்கலம் போடுங்கள். பழைய சோனகத் தெருவில் கிடைக்கும் மலிவுப் பித்தளை வேண்டாம்.

முழுப் படகுக்கும் ஃபைபர்கிளாஸ் சுற்றித் தரலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பொலியெஸ்டர் ரெசின் மரத்தில் சரியாக ஒட்டாது. அதற்கும் மரத்துக்கும் இடையில் நுழையும் ஈரம் வெளியேறாது. இரண்டு மழைக்காலம் கழித்து வெளியே பளபளப்பும் உள்ளே மாவும்தான் மிஞ்சும்.

மேற்தட்டைக் கருமையாகப் பூசுவதும் ஆபத்து. கொழும்பு வெயிலில் கரும்பரப்பு 60 பாகையைத் தாண்டும். சாதாரண எப்பொக்சி அந்தச் சூட்டில் இளகும். பழைய நிறமே கறுப்பு என்றால் நிறத்தை மாற்றாதீர்கள், வெயிலில் நிறுத்துவதைத் தவிருங்கள். உரசுமுன் பெயர், எண், கோடுகள் அனைத்தையும் அளவுகோல் வைத்துப் படம் பிடித்து, மெல்லிய தாளில் படியெடுங்கள். பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். நீர் தொட்டே உரசுங்கள், முகக்கவசம் இல்லாமல் வேண்டாம்.

அடித்தட்டு

படகு ஓடும் விதத்தைத் தீர்மானிப்பது இதுதான், அதனால் பொறுமையாக அளக்க வேண்டும். தலைகீழாகக் கவிழ்த்து, பின்பலகையிலிருந்து முன்னோக்கி நேர்விளிம்பை வையுங்கள். பின்விளிம்பு கீழ்நோக்கிக் கொக்கிபோல் 2 மில்லிமீற்றர் வளைந்திருந்தாலே மூக்கு தாழ்ந்து வேகம் விழும். மறுபுறமாக வயிறு வைத்திருந்தால் மூக்குத் துள்ளும். துள்ளல் முற்றினால் காற்று அடியில் புகுந்து படகைப் பின்னோக்கிப் புரட்டிவிடும். இரண்டு ஸ்பான்சன்களின் ஓடுதளங்களும் ஒரே கோணத்தில் இருக்கின்றனவா என்பதைக் கோணமானியால் பாருங்கள். அரைப் பாகை வித்தியாசம்கூட ஒரு பக்கம் இழுக்கும். பின்விளிம்பையும் ஸ்பான்சன் உள்விளிம்பையும் கூர்மையாகவே விடுங்கள். அழகுக்காக உருட்டினால் தண்ணீர் பிரிந்து போகாமல் ஒட்டிக்கொண்டு மேலேறும்.

எஞ்சின்

பல பந்தய எஞ்சின்களின் கீழ்ப்பகுதியில், குளிர்விக்கும் நீரை ஏற்றத் தண்ணீர்ப் பம்ப் இல்லை. ஓட்டத்தின் அழுத்தமே நீரை ஏற்றும். வாளியில் வைத்து முடுக்கிப் பார்ப்பவர்கள் பிஸ்டனைப் பிடிக்கவைத்துவிடுவார்கள். குழாய்நீரை நேராக இணைத்துவிட்டு மட்டுமே ஓட்டுங்கள். அந்தக் கால எஞ்சின்கள் பலவற்றுக்கு 16:1 கலவை, அதாவது லீற்றர் பெற்றோலுக்கு 62 மில்லிலீற்றர் ஓயில். கையேட்டில் உள்ள அளவுதான் இறுதி. இன்றைய 50:1 கணக்கைப் பழைய பெயரிங் தாங்காது. ஒக்டேன் 95 போதும். மெதனோல் ஓடிய எஞ்சின் என்றால் அன்றே பெற்றோலும் ஓயிலும் கலந்து ஓட்டிக் கழுவ வேண்டும், இல்லையேல் காபரேற்றர் வெண்பொடியாக அரிக்கும். ஆமணக்கெண்ணெய் ஓயில் பிசினாகிப் பிஸ்டன் வளையங்களை ஒட்டும்.

ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தினால் பிளக் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் 15 மில்லிலீற்றர் ஓயில் விட்டு, வாரம் ஒருமுறை கையால் சுற்றுங்கள். இங்கே அதிகம் சாவது, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மக்னீற்றோ. கொயிலின் மேற்பூச்சு வெடித்தால் ஈரம் ஏறித் தீப்பொறி நின்றுவிடும். அதைக் கழற்றி, சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் வையுங்கள். ஜெல்லை மாதம் ஒருமுறை 120 பாகை அடுப்பில் இரண்டு மணி நேரம் காயவையுங்கள். ஓயில் சீல்களையும் பெயரிங்குகளையும் அளவெடுத்து, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடினால் பெரும்பாலும் பொருந்துவது கிடைக்கும். கியர் ஓயில் பால்போல் வந்தால் சீல் போய்விட்டது. பழைய வெண்கலப் புரொப்பெல்லரில் விரிசலைக் காண, அதற்குள் ஊறி நிறம் காட்டும் சாயச் சோதனை செய்யாமல் ஒரு சுற்றும் ஓட்டாதீர்கள்.

தண்ணீரில்

ஓட்டுமிடத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். பெய்ரா வாவி நகரின் நடுவில் இருந்தாலும் நீர் அழுக்கு, இடமும் குறுகல். பொல்கொடை ஏரியில் நீண்ட ஓட்டத்துக்கு வழியுண்டு; காலை காற்றெழுமுன் போங்கள். மிதக்கும் களையும் கட்டையும் இருக்கும் என்பதால் முதலில் வேறொரு படகில் பாதையைச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் கம்பி பழையதென்றால் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளிழை துருப்பிடித்திருக்கும். 3 மில்லிமீற்றர் துருப்பிடியா எஃகுக் கம்பி மாட்டுங்கள். கைவிட்டால் தானே மூடும் த்ரொட்டில் சுருள்வில், கயிறு இழுத்தால் எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச், தலைக்கவசம், உயிர்காப்பு அங்கி, அருகே மீட்புப் படகு, இவற்றில் ஒன்று குறைந்தாலும் இறக்க வேண்டாம். அமெரிக்கப் பந்தயங்கள் இடஞ்சுழியாக ஓடுவதால் திருப்பும்போது படகை வழுக்காமல் பிடிக்கும் திருப்பத்துடுப்பு இடப்பக்கம்தான் இருக்கும். வலப்பக்கம் கூர்மையாகத் திருப்பினால் படகு வழுக்கிப் புரளும்.

பொல்கொடை பாணந்துறையில் கடலோடு கலப்பதால் நீரில் உப்புண்டு. கரையேறியதும் எஞ்சினுக்குள் 10 நிமிடம் நன்னீர் விடுங்கள். படகை நன்னீரால் கழுவி, பின்பக்கம் தாழ்வாக ட்ரெயிலரில் ஏற்றி, அடைப்பான்கள் அத்தனையையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு ஓட்டுநர் இருக்கையில் கட்டிவையுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு ஸ்பான்சனுக்குள்ளும் துணி விட்டு ஒற்றி எடுங்கள். மின்விசிறி அன்றிரவு முழுக்க ஓடட்டும். மறுநாள் ஈரமானி 16க்கு இறங்கும்வரை எந்த மூடியையும் பூட்டாதீர்கள்.