ஒரு போன், ஆறு படம், ஒரு பாட்டி கதை: வகுப்பில் டிஜிட்டல் கதை செய்வது எப்படி?

நான்காம், ஐந்தாம் வகுப்புகளை ஒரே அறையில் வைத்துப் பாடம் எடுக்கிற ஆசிரியர் நான். எங்களிடம் இருப்பவை என் போன், பழைய லேப்டாப் ஒன்று, பென்டிரைவ் செருகினால் ஓடுகிற டிவி ஒன்று. இவற்றை வைத்தே பிள்ளைகள் தங்கள் குரலில், தங்கள் படங்களோடு ஒன்றரை நிமிடக் கதை வீடியோ செய்துவிடலாம். ஐந்தாறு பாடவேளை ஆகும். லேப்டாப்பைக் கண்டாலே ஒதுங்கிப் போகிற ஆசிரியர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். நானும் அந்தக் கட்சியாக இருந்த ஆள்தான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கதை முடிவாகும் வரை லேப்டாப்பைப் பையை விட்டு எடுக்காதீர்கள். முதல் தடவை நான் பவர்பாயின்ட்டைத் திறந்துவைத்துக்கொண்டு "சரி, என்ன கதை பண்ணலாம்?" என்று கேட்டேன். பின்னணிக்கு ரோஸ் கலரா, நீலமா என்ற சண்டையிலேயே மணி அடித்துவிட்டது.

1. ஒரு படக்கதையைச் சேர்ந்து படியுங்கள்

பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற படக்கதை இணையதளத்துக்குப் போங்கள். மொழியில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். கதைகளை நான்கு படிநிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பாயிற்றே என்று மூன்றாம் நிலைக்குத் தாவ வேண்டாம். இந்த வேலைக்கு முதல் நிலைதான் சரி: பக்கத்துக்கு ஒரு படம், ஓரிரண்டு வரி. பிள்ளைகள் செய்யப்போவதும் அதே அளவுதான்.

இலவசக் கணக்கு தொடங்கிக்கொண்டால் கதையைப் பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளலாம். வீட்டிலேயே இறக்கிவிடுங்கள், பள்ளியின் நெட்டை நம்பி இருக்காதீர்கள். இங்குள்ள கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றியும் எழுதலாம். எழுதியவர், வரைந்தவர் பெயரை மட்டும் விடாமல் போட வேண்டும். அந்தப் பெயர்களையும் பிள்ளைகளை வாசிக்கவையுங்கள். கடைசி ஸ்லைடில் அவர்கள் பெயரும் அப்படித்தான் வரப்போகிறது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி என்றால் வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற வரிசைப் புத்தகங்கள் அலமாரியில் இருக்கும். அவையும் போதும்.

படித்து முடித்ததும் ஒரு விளையாட்டு. எழுத்தை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டி, கதையைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு படத்தை மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் வாசியுங்கள். படம் சொன்னதை எழுத்து திரும்பச் சொல்ல வேண்டியதில்லை என்பது அப்போது அவர்களுக்கே பிடிபட்டுவிடும்.

2. வீட்டிலிருந்து கதை வரட்டும்

"வீட்டில் ஒரு கதை கேட்டு வாங்க" என்று அனுப்பினேன். மறுநாள் வடை சுட்ட பாட்டி ஒன்பது பேர் நோட்டில் வந்து உட்கார்ந்திருந்தாள். தப்பு என்னுடையது. கதை என்று கேட்டால் எல்லா வீட்டிலும் அதைத்தான் சொல்வார்கள்.

அப்புறம் கேள்வியை மாற்றினேன். "பாட்டி, தாத்தா சின்ன வயசில் எதையாவது தொலைச்சாங்களா? கிடைச்சுதா? கேட்டு வாங்க." அடுத்த நாள் தொலைந்த மூக்குத்தி வந்தது, கிணற்றில் விழுந்த வாளி வந்தது, திருவிழாவில் காணாமல் போன தம்பியும் வந்தான். நாங்கள் எடுத்துக்கொண்டது ஒரு நான்காம் வகுப்புப் பையனின் பாட்டி மழையில் தொலைத்த ஆட்டுக்குட்டியை.

3. ஆறு படமாக வெட்டுங்கள்

ஒரு தாளை ஆறு கட்டமாக மடியுங்கள். கட்டத்துக்கு ஒரு வாக்கியம், அவ்வளவுதான். எங்கள் கதை இப்படி வந்தது: பாட்டி ஆடு மேய்க்கிறாள். வானம் இருட்டுகிறது. மழையில் குட்டியைக் காணோம். அடி விழுமே என்று அழுதுகொண்டே தேடுகிறாள். அய்யனார் கோயில் மண்குதிரையின் வயிற்றடியில் குட்டி நனையாமல் படுத்திருக்கிறது. தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள்.

இங்கேதான் ஒரு பெரிய கேள்வி வரும்: பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா? "குட்டி காணாமப் போச்சு" என்று பையன் சொல்கிறான். "காணாமல் போய்விட்டது" என்று திருத்தியதுமே அவன் குரல் பாடப்புத்தகம் ஒப்பிக்கிற குரலாகிவிடுகிறது. நான் இப்போது இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். ஒலிப்பதிவில் பேச்சுத் தமிழ், படத்தின் கீழே எழுத்துத் தமிழ். "போச்சு" என்று பேசியதை எப்படி எழுதுவோம் என்று பிள்ளைகளே குழுவாக உட்கார்ந்து மாற்றுகிறார்கள். தனியாக இலக்கண வகுப்பு எடுத்திருந்தால் இந்த ஈடுபாடு வந்திருக்காது. வட்டார வழக்கைக் குரலில் விடக்கூடாது என்று சொல்கிற ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

4. வரைந்து படம் எடுங்கள்

ஏ4 தாளைக் குறுக்குவாட்டில் வைத்து வரையச் சொல்லுங்கள். மேலும் கீழும் இரண்டு விரல் அகலம் சும்மா விட வேண்டும். டிவி திரை தாளைவிட அகலம் அதிகம், உயரம் குறைவு. திரையை நிரப்பும்படி படத்தைப் பெரிதாக்கும்போது மேலும் கீழும் வெட்டுப்படும். இது தெரியாமல் எங்கள் முதல் கதையில் எல்லோருக்கும் பாதம் இல்லாமல் போயிற்று.

பாட்டியின் பாவாடை என்ன நிறம் என்று முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். ஆறு பேர் ஆறு படம் வரைகிறார்கள். நிறமும் மாறினால் ஆறு பாட்டி ஆகிவிடும்.

படம் எடுக்கக் காலை நேரத்துத் தாழ்வாரம் நல்லது. நேர் வெயில் வேண்டாம், ஃபிளாஷும் வேண்டாம். தாளைத் தரையில் வைத்து, போனை நேர் மேலே பிடியுங்கள். உங்கள் நிழல் தாளில் விழுகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

5. குரலைப் பதியுங்கள்

போனில் ஏற்கெனவே இருக்கும் வாய்ஸ் ரெக்கார்டர் போதும். முதல் வேலை மின்விசிறியை நிறுத்துவது. நம் காதுக்குப் பழகிப்போன அந்த இரைச்சல், பதிவில் ரயில் மாதிரி கேட்கும். வகுப்பறையைவிடப் புத்தகமும் துணியும் அடைத்த சின்ன அறை நல்லது. எதிரொலி குறையும்.

போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். நேராகப் பிடித்தால் "பாட்டி" என்கிற ஒவ்வொரு முறையும் காற்று வந்து மைக்கில் மோதும்.

மிக முக்கியமானது இது: முழுக் கதையையும் ஒரே மூச்சில் பதியாதீர்கள். படத்துக்கு ஒரு பதிவு, தனித்தனிக் கோப்பு. 01, 02, 03 என்று அப்போதே பெயர் வைத்துவிடுங்கள். நான்காவதில் ஒருத்தி சிரித்துவிட்டால் நான்காவதை மட்டும் திரும்பப் பதிந்தால் போதும். தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் மனதுக்குள் "ஒன்று, இரண்டு" எண்ணச் சொல்லுங்கள். இல்லையென்றால் முதல் எழுத்து விழுங்கப்பட்டுவிடும்.

6. இப்போது லேப்டாப்பை எடுக்கலாம்

படங்களையும் பதிவுகளையும் கேபிள் வழியாக ஒரே ஃபோல்டரில் ஏற்றுங்கள். பவர்பாயின்ட்டில் ஆறு வெற்று ஸ்லைடுகள் எடுத்து, இன்செர்ட்டில் பிக்சர்ஸ் வழியாக ஸ்லைடுக்கு ஒரு படம் வையுங்கள். பிறகு இன்செர்ட்டில் ஆடியோவுக்குப் போய் அந்தந்தப் பதிவைச் சேருங்கள். சின்ன ஸ்பீக்கர் படம் ஒன்று வரும். அதைத் தொட்டால் மேலே பிளேபேக் பட்டி திறக்கும். ஸ்டார்ட் என்ற இடத்தில் ஆட்டோமேட்டிக்கலி என்று மாற்றுங்கள், ஹைட் டியூரிங் ஷோவை டிக் செய்யுங்கள். டிரான்சிஷன்ஸ் பட்டியில் ஆஃப்டர் என்ற கட்டத்தில், பதிவின் நீளத்தைவிட ஒரு வினாடி கூடுதலாகப் போடுங்கள். பறந்து வருவது, சுழன்று வருவது எல்லாம் வேண்டாம். பிள்ளைகள் கெஞ்சுவார்கள், மசியாதீர்கள்.

போன் பதிவுகள் பெரும்பாலும் எம்4ஏ வடிவில் இருக்கும். பழைய பவர்பாயின்ட் அதை ஏற்க அடம்பிடிக்கலாம். ரெக்கார்டரின் செட்டிங்ஸில் வேவ் அல்லது எம்பி3 இருந்தால் பதியும் முன்பே மாற்றிவையுங்கள்.

படத்தின் கீழே எழுதும் வரிக்கு, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோட் எழுத்துரு மட்டும்தான்: லதா, நிர்மலா, நோட்டோ, ஏதாவது ஒன்று. பாமினி என்ற பழைய வகை எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று வந்து நிற்கும். தட்டச்சு வராவிட்டால் போனில் ஜிபோர்டின் (கூகுள் கீபோர்டு) குரல் தட்டச்சில் சொல்லி, பிழை பார்த்து ஒட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஃபைல், எக்ஸ்போர்ட், கிரியேட் எ வீடியோ. டிவிக்கு எம்பி4 வடிவம் போதும்.

7. போட்டுக் காட்டுங்கள்

பென்டிரைவ்தான் நம்பகமானது. போனிலிருந்து டிவிக்கு வைஃபை வழியாக அனுப்புவது பெற்றோர் வந்து உட்கார்ந்த நாளில்தான் மக்கர் செய்யும்.

பெற்றோர் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் படம் மங்கும். பொதுவெளியில் போடுவதென்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். அப்போதும் பிள்ளைகளின் முழுப்பெயர், முகம், பள்ளியின் பெயர் எதுவும் வேண்டாம்.

எங்கள் வீடியோவைப் பார்க்கக் கதைக்குச் சொந்தக்காரரான பாட்டியே வந்திருந்தார். முடியும் வரை பேசாமல் பார்த்தார். பிறகு பேரனைக் கூப்பிட்டு, "எல்லாம் சரிடா, குட்டி கறுப்பு இல்ல, செவலை" என்றார். மறுநாள் குட்டி தெரிகிற இரண்டு படங்களை மட்டும் திரும்ப வரைந்து, அந்த இரண்டு ஸ்லைடை மட்டும் மாற்றினோம். குரலில் கை வைக்கவே இல்லை.