தேன்கூட்டு நெசவுத் துண்டில் குழி விழாமல் போனது ஏன்?

துவைக்கத் துவைக்கக் குழி ஆழமாகி, தண்ணீரை நன்றாக உறிஞ்சும் பருத்தித் துண்டு நெய்ய ஆசை. தேன்கூடு போல் குழிகுழியாக அமையும் தேன்கூட்டு நெசவு, தறியில் தட்டையாகத்தான் இருக்கும். இறக்கி நனைத்ததும் மிதவைகள், அதாவது பின்னாமல் மேலே நீளமாகக் கிடக்கும் இழைகள், சுருங்கி மேடாகும், நெருக்கமாகப் பின்னிய நடுப்பகுதி உள்வாங்கும். என் துண்டோ பல முறை துவைத்தும் தட்டையாகவே கிடந்தது.

கொதிநீரில் அலசினேன். ஊடைக்கு (குறுக்கு இழைக்கு) தடித்த நூல் போட்டேன். தறியில் இழைகளை இடைவெளி விட்டுப் பிரிக்கும் சீப்பு போன்ற அச்சை மாற்றி இழை நெருக்கத்தைக் குறைத்தேன். இதற்கெல்லாம் புதுப் பாவு (நீளவாட்டு இழைகள்) ஏற்றியதில் நாள் போனதுதான் மிச்சம்.

அப்புறம் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் பிடிபட்டது: ஊடை மிதவைகள் வரப்பு போல எழும்பியிருந்தன, பாவு மிதவைகள் மட்டும் படுத்துக் கிடந்தன. இரண்டும் பருத்திதான். பாவில் மட்டும் இழையை விறைப்பாக்கும் கஞ்சி உண்டு. தண்ணீர் கலந்த டிஞ்சர் அயோடினை ஒரு சொட்டு விட்டேன். பாவு இழை கருநீலமானது, ஊடை வெறும் பழுப்பாகவே இருந்தது. அத்தனை துவைப்புக்குப் பிறகும் கஞ்சி போகவில்லை!

கஞ்சியைச் சிதைக்கும் அமைலேஸ் நொதி கலந்த வெதுவெதுப்பான நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, சூடான நீரில் அலசினேன். கொடியில் இழுத்துக் கட்டாமல், இஸ்திரியும் போடாமல், உதறிப் பரப்பிக் காயவைத்தேன். 80 செ.மீ. அகலம் 62 ஆனது, குழிகள் விரல்நுனி பதியும் ஆழத்துக்கு வந்தன. நிம்மதி. இப்போது அயோடின் சொட்டு நீலமாகவில்லை என்று பார்த்த பிறகுதான் ஓரம் தைக்கிறேன். கஞ்சி இருக்கும்போதே மடித்துத் தைத்தால் சுருக்கம் பின்னால் வந்து ஓரம் அலையலையாகிவிடும்.