மருத்துவ ட்ரயல் தரவில் ஒரே ஆள் மூன்று பேர் ஆகாமல் இருக்க

நோயாளிப் படிவத்தில் 001-0023, லேப் கோப்பில் 1-23, இசிஜி கோப்பில் 0010023. மூன்றும் ஒரே ஆள்தான், ஆனால் கோப்புகளை இணைக்கும்போது கணினிக்கு மூன்று பேர். பெரும்பாலும் எக்செல் செய்யும் வேலை இது. சிஎஸ்வி கோப்பைச் சும்மா திறந்தாலே முன்னால் இருக்கும் பூஜ்ஜியங்களைத் தின்றுவிடும்; 1-23 போன்றதைத் தேதியாகவே மாற்றிவிடும். அதனால் இந்த எண் இருக்கும் பத்தியை (நெடுவரிசையை) எப்போதும் டெக்ஸ்ட்டாகவே படியுங்கள்.

அப்புறம் சைட் (ட்ரயல் நடக்கும் மருத்துவமனை அல்லது மையம்) எண்ணுக்கு மூன்று இலக்கம், ஆள் எண்ணுக்கு நான்கு என்று அகலத்தை முடிவுசெய்து பூஜ்ஜியம் நிரப்புங்கள். ஆய்வு, சைட், ஆள் என்ற வரிசையில் ஒட்டினால் ஏபிசி01-001-0023 என்ற தனித்த அடையாளம் கிடைக்கும். மூலக் கோப்பில் வந்த எண்ணையும் தனிப் பத்தியில் வைத்திருங்கள், அழிக்க வேண்டாம்.

பலர் கோட்டை விடுவது நீட்டிப்பு ஆய்வில், அதாவது முதல் ஆய்வில் இருந்தவர்களையே தொடர்ந்து கவனிக்கும் அடுத்த ஆய்வில். அதே நோயாளி அங்கே புது எண்ணோடு வருவார். ஆனால் சிடிஸ்க் என்ற தரநிலை அமைப்பின் எஸ்டிடிஎம் (ட்ரயல் தரவை அடுக்கும் முறை) விதிப்படி தனித்த அடையாளம் ஆளுக்கு ஒன்றுதான், ஆய்வு மாறினாலும் பழையதே தொடரும். ஆகவே அந்த அடையாளத்தை வெட்டி சைட் எண்ணை எடுக்காதீர்கள். ஆள் வேறு சைட்டுக்கு மாறியிருக்கலாம். சைட்டுக்கென்று தனிப் பத்தி இருக்கிறதே!

இணைக்கும் முன் இரு பக்கமும் பொருந்தாத எண்களை ஒருமுறை பட்டியல் எடுத்துப் பாருங்கள்.