எண்ணெய் ஊறிய உவர் மண்ணைப் பாக்டீரியாக்களைக் கொண்டு சீரமைக்கும் முறை

1991 வளைகுடாப் போரின்போது குவைத்தில் 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் கொளுத்தப்பட்டன. எரியாமல் வழிந்த கச்சா எண்ணெய் பாலைவனத்தில் ஏரிகளாகத் தேங்கியது. தீயை அணைக்கக் கொண்டுவந்த கடல்நீரும் அதே மண்ணில் இறங்கியது. வெயிலும் வறட்சியும் உப்பும் எண்ணெயும் சேர்ந்து வாட்டிய அந்த மண்ணிலும் எண்ணெயை உண்டு வாழும் பாக்டீரியாக்கள் இருந்தன. பின்னர் புர்கான் எண்ணெய் வயலில் உரமும் நீரும் காற்றும் கொடுத்து மண்ணைச் சீரமைக்கும் சோதனைகள் நடத்தப்பட்டன. எனவே இத்தகைய நிலத்தைக் கையில் எடுப்பவர், பாக்டீரியாப் பொடி மூட்டைகளை வாங்குவதற்கு முன், மண்ணில் ஏற்கெனவே இருப்பவை ஏன் முடங்கிக் கிடக்கின்றன என்று கண்டறிய வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

முதலில் மாசு எது என்று தெரிய வேண்டும். டீசல், கச்சா எண்ணெய் போன்ற ஹைட்ரோகார்பன்களைப் பாக்டீரியாக்கள் கரியமில வாயுவாகவும் நீராகவும் சிதைத்துவிடும். உலோகங்களைச் சிதைக்க இயலாது. இராணிப்பேட்டையின் குரோமியக் கழிவைப் போன்றவற்றில் நச்சு மிகுந்த வடிவத்தை நச்சு குறைந்த வடிவமாக மாற்ற மட்டுமே அவற்றால் முடியும், உலோகம் மண்ணிலேயே தங்கிவிடும். இங்கே சொல்லப்படும் முறை எண்ணெய்க்கு உரியது.

நிலத்தின் பல இடங்களிலும் ஆழங்களிலும் மண் எடுத்து, மொத்த ஹைட்ரோகார்பன் அளவு, உப்பு, கார அமில நிலை, உலோகங்கள், பாக்டீரியா எண்ணிக்கை ஆகியவற்றை ஆய்வகத்தில் அளக்கச் செய்யுங்கள். ஹைட்ரோகார்பன் கிலோவுக்கு 50,000 மில்லிகிராமைத் தாண்டினால், மாசு குறைந்த மண்ணைக் கலந்து அடர்த்தியைக் குறைக்காமல் தொடங்குவதில் பயனில்லை. கார அமில நிலை 6 முதல் 8-க்குள் இருப்பது நல்லது. உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன், மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல் இருந்தால் அது உவர் மண். நல்ல நீர் விட்டு உப்பைக் கழுவ வேண்டும். கழுவிய நீரில் எண்ணெயும் கலந்து வருமாதலால், அடியில் தடித்த பாலித்தீன் விரிப்பும் ஓரத்தில் சேகரிப்புக் குழியும் அமைத்த பிறகே இதைச் செய்ய வேண்டும்.

அடுத்து, நிலத்தில் இறங்குமுன் ஜாடிகளில் சோதித்துப் பாருங்கள். ஒரே மண்ணை நான்காகப் பிரித்து, ஒன்றை அப்படியே விடுங்கள். ஒன்றுக்கு நீரும் உரமும், ஒன்றுக்கு அவற்றுடன் வெளியிலிருந்து வாங்கிய பாக்டீரியாவும் கொடுங்கள். ஒன்றைக் கிருமிநீக்கம் செய்து வையுங்கள். கிருமியற்ற ஜாடியில் குறையும் எண்ணெய் வெறுமனே ஆவியாகிப் போனது. அதைக் கழிக்காமல் பாக்டீரியாவின் வேலையை மதிப்பிட முடியாது. இரண்டாம், மூன்றாம் ஜாடிகளுக்கு இடையே வேறுபாடு தெரியாவிட்டால் பொடிக்குச் செலவழிக்க வேண்டாம்.

உரக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். கிலோவுக்கு 10,000 மில்லிகிராம் எண்ணெய் கொண்ட ஒரு டன் மண்ணில் 10 கிலோ எண்ணெய் இருக்கிறது. அதில் கார்பன் ஏறத்தாழ 8.5 கிலோ. கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் 100:10:1 என்ற விகிதத்தை மேல்வரம்பாகக் கொண்டால், 850 கிராம் நைட்ரஜனும் 85 கிராம் பாஸ்பரஸும் தேவை. சுமார் 420 கிராம் டிஏபியும் (டை அம்மோனியம் பாஸ்பேட் உரம்) 1.7 கிலோ யூரியாவும் இதைத் தந்துவிடும். ஆனால் உரமும் உப்புதான். உவர் மண்ணில் முழு அளவையும் ஒரே தடவையில் கொட்டினால் பாக்டீரியாக்களின் உடலிலுள்ள நீரே வெளியே இழுக்கப்பட்டு அவை செயலிழக்கும். பல தவணைகளாகப் பிரித்து, ஒவ்வொரு தவணைக்கு முன்பும் மண்ணில் எஞ்சியிருக்கும் நைட்ரஜனை அளந்து இடுங்கள்.

காற்றுதான் பெரும்பாலும் பற்றாக்குறையாகிறது. ஒரு கிலோ எண்ணெய் முழுவதும் சிதைய ஏறத்தாழ 3.5 கிலோ ஆக்சிஜன் வேண்டும். மேற்சொன்ன ஒரு டன் மண்ணுக்கு அது நூறு கன மீட்டருக்கும் மேற்பட்ட காற்று. ஆகவே மண்ணை 30 சென்டிமீட்டருக்கு மிகாமல் பரப்பி, கட்டிகளை உடைத்து, பவர் டில்லரால் அடிக்கடி கிளறிவிட வேண்டும். அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே காற்றுப் போகவில்லை என்று பொருள், அன்றே கிளறுங்கள். இறுகிய மண்ணில் தென்னை நார்க்கழிவு கலக்கலாம், ஆனால் கழுவாத நார்க்கழிவிலும் உப்பு உண்டு.

ஈரத்தைக் கையாலேயே அறியலாம். கையுறை அணிந்து ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடித்தால் அது உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக்கூடாது, விரலால் தட்டினால் உதிர வேண்டும். வெயில் கடுமையான இடங்களில் கிளறாத நாட்களில் மேலே தார்ப்பாய் விரித்தால் ஈரம் காக்கப்படும். மழைநீரும் உள்ளே புகாது. எண்ணெயை உண்ணும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா இனங்களில் சில, உடல் நலிந்தவர்களுக்கு நோய் தரக்கூடியவை என்பதால், வேலையாட்களுக்கு முகக்கவசமும் கட்டாயம் கொடுங்கள்.

மாதந்தோறும் அதே இடங்களில் மண் எடுத்து அளந்து வாருங்கள். கார்பன் அணுக்கள் கிளையின்றி வரிசையாகக் கோத்த நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்கள் முதலில் விரைவாகக் குறையும். தார் போன்ற கனமான பகுதி நெடுங்காலம் தங்கும். எனவே தொடக்க மாத வேகத்தைக் கொண்டு முடியும் நாளைக் கணிக்காதீர்கள். அளவு குறையாமல் நின்றுவிட்டால் ஈரம், நைட்ரஜன், உப்பு ஆகியவற்றை மறுபடியும் அளந்து பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தும் குறையாவிட்டால் பாக்டீரியாவின் எல்லை அதுவே. அந்த மண்ணில் விதை முளைப்புச் சோதனை செய்து, முளைப்பு நன்றாக இருந்தாலும் உணவுப் பயிர் நிலத்தில் சேர்க்காமல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியுடன் வேறு பயனுக்கு ஒதுக்குங்கள்.