வீட்டுக் கணினிக்கு ஆன்டிவைரஸ்: தேர்ந்தெடுப்பது எப்படி?

‘சிறந்த ஆன்டிவைரஸ் எது?’ என்று தேடினால் பத்துப் பட்டியல்கள் வந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் முதலிடம் வேறு வேறு. அவற்றில் பல, நீங்கள் அந்த இணைப்பை அழுத்தி வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன் கிடைக்கும் வகையைச் சேர்ந்தவை. அதனால் பெயரில் தொடங்காமல் உங்கள் கணினியில் தொடங்குவோம். பாதிப் பேருக்கு மேல் இரண்டாவது படியிலேயே வேலை முடிந்துவிடும் என்பது என் கணிப்பு.

படி 1: விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

செட்டிங்ஸ் திறந்து, சிஸ்டம் என்பதற்குள் போய், கடைசியில் இருக்கும் அபவுட் என்பதை அழுத்துங்கள். விண்டோஸ் 11 என்று இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

விண்டோஸ் 10 என்றால் கொஞ்சம் நில்லுங்கள். அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. ஆதரவு முடிந்த பிறகும் பாதுகாப்பு அப்டேட் தரும் நீட்டிப்புத் திட்டத்தில் (ESU) பதிவு செய்யாத கணினிக்கு, விண்டோஸில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் வராது. ஆன்டிவைரஸுக்கான புது வைரஸ் பட்டியல் மட்டும் வந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்து ‘எல்லாம் அப்டேட் ஆகிக்கொண்டுதானே இருக்கிறது’ என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டும் வேறு.

எவ்வளவு வேறு என்பதற்கு 2017-ஐப் பார்க்கலாம். அந்த மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் நிரல், உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டியது. யாரும் எந்த ஃபைலையும் திறக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டை வழியாக, நெட்வொர்க்கில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே பரவியது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அப்டேட் போட்டவர்கள் தப்பித்தார்கள். ஆகவே விண்டோஸ் அப்டேட் நின்றுபோன கணினிக்குக் காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்குவதற்கு முன், விண்டோஸ் 11-க்கு மாற முடியுமா அல்லது அந்த நீட்டிப்பில் சேர முடியுமா என்று பாருங்கள்.

படி 2: ஏற்கெனவே இருப்பதை முழுதாக இயக்குங்கள்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. தனியாகப் பணம் இல்லை. பழைய காலத்தில் இதற்கு நல்ல பெயர் கிடையாது, அது உண்மைதான். ஆனால் இப்போது சோதனைக் கூடங்களின் முடிவுகளில் கட்டண மென்பொருள்களுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

ஸ்டார்ட் மெனுவில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று ஆங்கிலத்தில் தேடித் திறங்கள். வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன் என்ற பகுதிக்குள் போய், மேனேஜ் செட்டிங்ஸ் அழுத்துங்கள். ரியல்-டைம் ப்ரொடெக்‌ஷன், க்ளவுட்-டெலிவர்டு ப்ரொடெக்‌ஷன், டேம்பர் ப்ரொடெக்‌ஷன் மூன்றும் ஆனில் இருக்க வேண்டும். முதலாவது, ஃபைல்களைத் திறக்கும்போதே சோதிக்கிறது. இரண்டாவது, சந்தேகத்துக்குரிய ஃபைலைப் பற்றி மைக்ரோசாஃப்டின் சர்வரிடம் உடனே விசாரிக்கிறது. டிஃபெண்டரின் பலத்தில் பெரும்பங்கு இங்கேதான். மூன்றாவது, ஏதாவது ஒரு நிரல் உள்ளே புகுந்து டிஃபெண்டரையே அணைத்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

அடுத்து ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல் பகுதி. அதில் ரெப்யூட்டேஷன்-பேஸ்டு ப்ரொடெக்‌ஷன் என்பதற்குள் ‘பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்’ என்று ஒன்று இருக்கும். அதையும் ஆன் செய்யுங்கள். இலவச நிரல்களோடு ஒட்டிக்கொண்டு வந்து, பிரவுசரின் முகப்பை மாற்றி, விளம்பரமாகக் கொட்டும் ரகங்களை இது தடுக்கும். வீட்டுக் கணினியில் தொல்லை கொடுப்பவை பெரும்பாலும் இந்த ரகம்தான்.

ரான்சம்வேர் ப்ரொடெக்‌ஷன் என்பதற்குள் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் என்ற வசதியும் உண்டு; முதலில் பார்த்த வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன் பகுதியில்தான் இது இருக்கும். அறிமுகமில்லாத நிரல் எதுவும் உங்கள் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் கை வைக்க முடியாது. நல்ல விஷயம்தான், ஆனால் சில சமயம் நீங்கள் நம்பிப் போட்ட நிரலையும் தடுக்கும். அப்போது அதை அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும். அந்தச் சின்னத் தொல்லை பரவாயில்லை என்றால் ஆன் செய்துகொள்ளுங்கள்.

கணினியில் ஏற்கெனவே ஏதோ புகுந்துவிட்டது என்ற சந்தேகம் இருந்தால், ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுந்திருப்பதற்கு முன்பே சோதனை நடக்கும். ஒளிந்துகொள்ளத் தெரிந்த தீம்பொருளுக்கு அங்கே ஒளிய இடம் குறைவு.

மேக் வைத்திருப்பவர்களுக்கு, தீம்பொருளைத் தடுக்கும் எக்ஸ்ப்ரொடெக்ட், கேட்கீப்பர் இரண்டும் உள்ளேயே உண்டு. ஆப்பிளின் அப்டேட்டுகளைத் தள்ளிப்போடாமல் இருந்தால் சாதாரணப் பயன்பாட்டுக்குப் போதும்.

படி 3: இதற்கு மேல் உங்களுக்கு என்ன தேவை?

மெயில், வீடியோ, வங்கி வேலை, கொஞ்சம் எழுத்து வேலை. இவ்வளவுதான் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

வேறொன்றை யோசிக்க வேண்டிய சூழ்நிலைகளும் உண்டு. கணினி பெரும்பாலும் இணையம் இல்லாமலே ஓடுகிறது, ஃபைல்கள் பென் டிரைவில் வந்து போகின்றன என்றால், க்ளவுடை அதிகம் நம்பியிருக்கும் டிஃபெண்டருக்கு அங்கே கை கட்டுப்பட்டிருக்கும். கணினி, மேக், ஆண்ட்ராய்டு ஃபோன் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்க விரும்பினால் கட்டணத் தொகுப்பு வசதி. கண்டதையும் அழுத்திவிடும் குடும்பத்தினர் ஒருவர் இருக்கிறார், பிரச்சினை வந்தால் அவர் யாரையாவது அழைத்துக் கேட்க வேண்டும் என்றால், நல்ல வாடிக்கையாளர் உதவி தரும் நிறுவனத்துக்குக் காசு கொடுப்பதில் தப்பில்லை.

கிராக் செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்த திருட்டு மென்பொருள் போடுவதால் பலமான ஆன்டிவைரஸ் வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அந்த கிராக்கோடு வரும் குறிப்பின் முதல் வரி பல நேரம் ‘ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்’ என்றுதான் இருக்கும். அதைச் செய்பவருக்கு எந்த மென்பொருளும் உதவாது.

படி 4: சோதனை முடிவுகளைப் படியுங்கள்

வேறொன்று வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். சரி, இப்போதுதான் ஒப்பிடும் வேலை. அதற்கு ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் என்ற இரண்டு சோதனைக் கூடங்களின் தளங்கள் போதும். இரண்டும் முடிவுகளை இலவசமாகவே வெளியிடுகின்றன.

ஏவி-டெஸ்ட் மூன்று பிரிவுகளில் தலா 6 என்று 18 புள்ளிகள் தருகிறது: பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை. கடைசிப் பிரிவின் பெயர் சற்று ஏமாற்றும். திரை அழகாக இருக்கிறதா என்பதை அது பார்ப்பதில்லை. நல்ல ஃபைலை வைரஸ் என்று தவறாகக் கத்துகிறதா என்பதைத்தான் பார்க்கிறது. புதிதாகக் கணினி பழகுபவர்களுக்கு இது முக்கியம். நாள்தோறும் பொய் எச்சரிக்கை வந்தால், உண்மையான எச்சரிக்கை வரும் நாளிலும் கை தானாக ‘அனுமதி’யை அழுத்திவிடும்.

முதலிடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் மிகச் சிறியது. ஒரு மாத முடிவை மட்டும் பார்க்காதீர்கள். கடந்த ஓரிரு ஆண்டுகளின் அறிக்கைகளில் தொடர்ந்து மேலே இருக்கும் மூன்று நான்கு பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஏவி-கம்பேரட்டிவ்ஸின் வேகச் சோதனையை மட்டும் தனியாகத் திறந்து, அந்தப் பெயர்கள் அங்கே எப்படி நிற்கின்றன என்று பாருங்கள். பழைய கணினி என்றால் இதுவே முடிவைத் தீர்மானிக்கும்.

படி 5: நிறுவனத்தையும் விசாரியுங்கள்

ஆன்டிவைரஸ் உங்கள் கணினியில் எல்லா அறைகளுக்கும் சாவி வைத்திருக்கும் காவலாளி. எல்லா ஃபைலையும் படிக்கும், நீங்கள் போகும் ஒவ்வொரு தளத்தையும் அறியும். அதனால் காவலாளி யார் என்று கேட்பது நியாயம்தான்.

அவாஸ்ட் விவகாரம் நல்ல உதாரணம். இலவச ஆன்டிவைரஸால் பிரபலமான அந்த நிறுவனம், பயனர்கள் எந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. விஷயம் வெளியானதும் 2020-இல் ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024-இல் நுகர்வோர் நலனைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 1.65 கோடி டாலர் செலுத்தச் சொன்னது. இலவசம் எல்லாமே இப்படி என்று சொல்ல வரவில்லை. ஆனால் தனியுரிமை அமைப்புகளைத் திறந்து, தகவல் பகிர்வு தொடர்பான தேர்வுகளை நீக்கிவிட்டுத்தான் எந்த இலவச ஆன்டிவைரஸையும் பயன்படுத்த வேண்டும்.

அரசுகளின் முடிவும் உங்களைப் பாதிக்கலாம். 2024-இல் அமெரிக்கா, ரஷ்ய ஆன்டிவைரஸான காஸ்பர்ஸ்கியின் விற்பனைக்கும் அப்டேட்டுக்கும் தடை விதித்தது. தொழில்நுட்பச் சோதனைகளில் நல்ல மதிப்பெண் வாங்கிவந்த மென்பொருள் அது. நீங்கள் வாழும் நாட்டில் அந்த நிறுவனத்தின் நிலை என்ன என்று ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது.

இன்னொன்று: நார்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவீரா நான்கும் இப்போது ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில். நான்கையும் வரிசையாக வைத்து ஒப்பிடும்போது, பணம் எங்கே போனாலும் ஒரே கல்லாப்பெட்டிக்குத்தான் போகிறது என்பது நினைவிருக்கட்டும்.

விபிஎன் (இணையப் போக்குவரத்தை மறைக்கும் சேவை), பாஸ்வேர்ட் மேனேஜர், கணினியை வேகமாக்குவதாகச் சொல்லும் ‘டியூன்-அப்’ போன்ற இலவச இணைப்புகளைப் பார்த்து விலையுயர்ந்த தொகுப்புக்குத் தாவ வேண்டாம். முதல் இரண்டும் தேவையென்றால் தனியாகவே நல்லவை கிடைக்கும். மூன்றாவது யாருக்கும் தேவையில்லை.

படி 6: நிறுவுங்கள், சோதியுங்கள்

புதுக் கணினியில் மூன்றாம் தரப்பு ஆன்டிவைரஸின் சோதனைப் பதிப்பு ஏற்கெனவே போட்டிருக்கலாம். முதலில் அதை நீக்குங்கள். இரண்டு ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் ஓடினால் ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக் கணினியை முடக்கும். சாதாரணமாக அன்இன்ஸ்டால் செய்தும் மிச்சம் மீதி இருந்தால், பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் தளத்தில் இதற்கென்றே நீக்கும் கருவி வைத்திருக்கின்றன. டிஃபெண்டரை நீங்கள் தொட வேண்டாம். புதியது வந்ததும் அது தானாக ஒதுங்கும், நீக்கினால் திரும்ப வரும். ஆனால் மேலே சொன்ன கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் வசதியும் அதோடு போய்விடும்.

டவுன்லோட் எப்போதும் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும். தேடல் முடிவுகளில் மேலே நிற்கும் விளம்பரத்தை அழுத்தாதீர்கள். திரையின் ஓரத்தில் ‘உங்கள் பாதுகாப்பு காலாவதியாகிவிட்டது, 5 வைரஸ்கள்’ என்று துள்ளிவரும் அறிவிப்பை நம்பியும் வாங்காதீர்கள். எப்போதோ ஏதோ ஒரு தளத்துக்கு நீங்கள் அறிவிப்பு அனுமதி கொடுத்திருப்பீர்கள், அது அனுப்பும் விளம்பரம்தான் பெரும்பாலும். பிரவுசரின் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் ‘வைரஸ்’ போய்விடும்.

நிறுவியதும் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஐகார் சோதனை ஃபைலை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து எடுங்கள். 68 எழுத்துகள் கொண்ட, தீங்கில்லாத ஃபைல் அது. ஆன்டிவைரஸ்கள் வேண்டுமென்றே அதை வைரஸாகக் கருதிப் பிடிக்கும். சத்தமில்லாமல் டவுன்லோட் ஆகி, திறக்கவும் முடிந்தால், ரியல்-டைம் பாதுகாப்பு அணைந்திருக்கிறது என்று அர்த்தம்.

சோதனைக் காலம் முடியும்வரை பணம் கட்டாதீர்கள். பெரிய ஃபோல்டர் ஒன்றை நகலெடுத்துப் பாருங்கள், வழக்கமான நிரல்களைத் திறந்து பாருங்கள். ‘மேம்படுத்துங்கள்’ என்று எத்தனை தடவை குறுக்கே வருகிறது என்றும் கவனியுங்கள். சிலது வைரஸைவிட அதிகமாகத் தொல்லை கொடுக்கும். பிடித்திருந்தால் ஓராண்டுக்கு மட்டும் வாங்குங்கள். முதல் ஆண்டு தள்ளுபடி விலையில் தந்துவிட்டு, இரண்டாம் ஆண்டு முழு விலையைக் கார்டிலிருந்து தானாக எடுப்பது இந்தத் துறையில் வழக்கம். எனவே வாங்கிய அன்றே கணக்குப் பக்கத்துக்குப் போய் ஆட்டோ-ரினியூவலை அணைத்துவிட்டு, உரிமம் முடியும் தேதியை ஃபோன் காலண்டரில் ஒரு வாரம் முன்னதாகப் போட்டு வையுங்கள்.